கேப்டனின் நிதானம்

காசிமேட்டில் எந்த விசைப்படகின் இன்ஜின் மக்கர் செய்தாலும் முதலில் ஆன்றோவுக்குத்தான் ஆள் போகும். முப்பது வருடமாக டீசல் இன்ஜினோடு குடும்பம் நடத்துகிறவன். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்த வேலையில் வாய்க்கு வேலையில்லை, எல்லாம் கைதான். முஷ்டியை மடக்கினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் ஓட்டு, உள்ளங்கையைத் தாழ்த்தினால் வேகத்தைக் குறை. இந்தப் பழக்கம் ராயபுரத்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு குறைந்தால் விரலைத் தேய்த்துக் காட்டுவான். "வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிகினுகீற?" என்று கேட்டுக் கேட்டு அவன் மனைவி இருதயம்மாள் அலுத்துப்போனாள்.

மொட்டைமாடியில் அவன் வளர்த்த ராஜபாளையம் நாய்க்குப் பெயர் கேப்டன். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, உடம்பில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி கிடையாது. குட்டியிலிருந்தே கையசைவில் பழகியது. ஆன்றோ உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும், விரலைச் சுழற்றினால் மாடியைச் சுற்றி ஓடும். கூப்பிடாமலே புரிந்துகொள்கிற நாய் என்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆன்றோவுக்குத் தலை கால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டை டீக்கடை ஒன்றில் நாய் வளர்க்கிறவர்கள் கூடுவார்கள். அங்கே ஆன்றோ வைத்ததுதான் சட்டம். புள்ளி விழுந்தால் கலப்படம், மூக்கு கறுத்தால் கலப்படம், அப்படிப்பட்டதற்கெல்லாம் நாய்க் கிளப்பில் பதிவே கொடுக்கக் கூடாது என்பான். அவனோடு மல்லுக்கு நிற்கிற ஒரே ஆள் எண்ணூர் சாலையில் லாரி யார்டு வைத்திருக்கிற சுஃபியான்.

"மாமு, இது காவல் காக்குற நாயி. வெள்ளையா கீதா, பழுப்பா கீதான்னு பாத்துகினு, இன்னா, சுண்ணாம்பா அடிக்கப் போற? வெள்ளையோட வெள்ளயவே சேத்துகினு போனா பொறக்குற குட்டிக்குக் காது கேக்காம பூடும். அப்பால யார்டுல திருடன் வந்தா அது இன்னாத்த கேட்டுக் கொலைக்கும்?"

"உன் நாய்ங்களுக்கு ஜாதகம் சரியில்ல, அதான் வவுறு எரியுது," என்பான் ஆன்றோ. கடை முழுக்கச் சிரிக்கும்.

போன வருடம் திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில் பதிவு முகாம் நடந்தது. பரம்பரை எழுதி வைக்காத நாட்டு இன நாய்களை நடுவர் ஒருவர் நேரில் பார்த்து, லட்சணம் சரியாக இருந்தால் தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்துப் பதிவு கொடுப்பார். கேப்டன் முறை வந்தபோது மதில் ஓரமாகப் போன டிரெய்லர் ஒன்று ஏர்ஹாரனை விடாமல் அலறவிட்டது. மைதானத்தில் இருந்த நாய்கள் அத்தனையும் மிரண்டு கயிற்றை இழுத்தன. ஒன்று நடுவரின் மேசைக்கடியில் நுழைந்துகொண்டது. கேப்டன் மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. ஆன்றோவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு நான் பாத்ததுல இந்த மாதிரி நிதானம் வேற எந்த நாய்க்கும் இல்ல," என்றார் நடுவர். எல்லாரும் கை தட்டினார்கள். சுஃபியான்கூடத் தட்டினான்.

அந்தக் கைதட்டலுக்கும் கேப்டன் திரும்பவில்லை. ஆன்றோ அப்போதுதான் அதைக் கவனித்தான். இரண்டு வருடம் வளர்த்தவன் அந்த நாயை ஒருநாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. அப்போதே நடுவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பதிவை வாங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த கேப்டனின் தலைமாட்டில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை ஓங்கிப் போட்டான். பதறிப்போய் மாடியேறி வந்தது இருதயம்மாள்தான். நாய் சுகமாகத் தூங்கியது.

"கை தவறிடுச்சி," என்றான்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அந்த டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? இன்ஜினின் இருமலை வைத்தே வியாதியைச் சொல்கிறவனுக்கு, தன் மாடியில் இருக்கிற நாய்க்குக் காது கேட்காதது தெரியவில்லை. போதாததற்கு, சுஃபியான் சொன்னதே சரியென்றும் ஆகிவிடும். அந்த ஒன்றைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. கேப்டனோடு இனம் சேர்க்க ஒருவர் பெட்டை நாயைக் கொண்டுவந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. எல்லாக் குட்டியும் அப்படியா பிறக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பிறந்ததில் அவன் பங்குக்கு ஒரு குட்டி வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைக் கன்னியம்மாவுக்குச் சும்மாவே கொடுத்தான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு இட்லிக்கடை போட்டிருக்கிற விதவை அவள். அவளிடமிருந்த புள்ளி நாயை ஆன்றோ ஒருமுறை எல்லார் முன்னாலும் கலப்படம் என்று சொல்லிவிட்டான். அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த நாய் செத்ததும், அன்றைக்குப் பேசியதற்குப் பரிகாரம் என்று இந்தக் குட்டியைக் கொண்டுபோனான். கொடுக்கும் முன் அதன் பின்னால் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டவில்லை. தட்டினால் தெரிந்துவிடும் என்று பயம்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், படகில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தபோது கன்னியம்மா துறைமுகத்துக்கே வந்தாள். பின்னால் சுஃபியான். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஆன்றோ ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நைனா, குட்டி பூட்ச்சி," என்றாள். "கடயாண்ட எலய நக்கிகினு இருந்திச்சி. டிரெய்லர் பின்னால வந்துகினுகீது. நான் கூவுறேன், கூவுறேன், திரும்பவே இல்ல. எண்ணெ சட்டிய தள்ளிவுட்டுட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள... நீ ஆசயா குட்த்த. நான் பாத்துக்கல. மன்சுல வச்சிக்காத."

"வண்டி நம்மள்துதான், மாமு," என்றான் சுஃபியான், தலையைக் குனிந்துகொண்டு. "டிரைவர் ஹாரன் அட்ச்சிகினேதான் வந்தான். இருந்தாலும் தப்பு எங்க மேலதான். அக்கா அழுதுகினே கீது. கேப்டனோட குட்டி இன்னொண்ணு குடு. நான் வேலி போட்டுத் தர்றேன்."

ஏமாற்றப்பட்ட இரண்டு பேரும் ஏமாற்றியவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆன்றோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நேரத்திலும் அவன் மனசு ஒரு கணக்குப் போட்டதுதான் கேவலம்: சரி என்று தலையாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு அவளுடைய கையைப் பார்த்தான். எண்ணெய் தெறித்து மணிக்கட்டு வரைக்கும் கொப்பளித்திருந்தது.

"கேப்டனுக்குக் காது கேக்காதுக்கா," என்றான். "அந்தக் குட்டிக்கும் கேட்டிருக்காது."

சுஃபியான் நிமிர்ந்தான். கன்னியம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"உனுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான் சுஃபியான்.

"முகாம் அன்னிக்கே."

அவள் வைவாள் என்று காத்திருந்தான். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. சுஃபியானாவது ஜெயித்துவிட்டவன் மாதிரி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காது கேக்காதுன்னா நான் வோணான்னு சொல்லிருப்பேன்னு நென்ச்சியா, நைனா? ஒரு வார்த்த சொல்லிர்ந்தா நானும் உன்ன மாரி கைய காட்டி வளத்துர்ப்பேனே."

சொல்லிவிட்டு, கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.