பெரியண்ணசாமி கையை விரித்தார்

பெரியண்ணசாமியை நம்பியிருக்கும் எல்லோருக்கும், கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து உங்களில் ஒருவன் சொல்வது.

யுத்தம் தொடங்கிய வருடம், சேலத்துக் குத்துச்சண்டைக் கொட்டகையில் கடைசியாக விழுந்தேன். 'கொல்லிமலைப் புலி' என்று சுவரெல்லாம் என் படம் ஒட்டிய காலம் உண்டு. அன்று புலி மல்லாந்து கிடந்தது. இடது கண் மங்கி, எதிராளி எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தான். நான் குத்தியதெல்லாம் வராத ஆளை.

வலது கை எலும்பு நொறுங்கியது. கட்டு அவிழ்த்தபோது விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்தன. இன்னொரு அடி தலையில் விழுந்தால் பார்வையே போய்விடும் என்றார் வைத்தியர். அது என் காதில் ஏறவில்லை. தை மாதப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டுத்தான் ஓய வேண்டும், தோற்று ஓயக்கூடாது. ஆனால் மூடிய கையில் கையுறை நுழையாதே.

மலைக்கு வந்து கிடந்தேன். மனைவி சாமைச்சோறு பிசைந்து ஊட்டினாள். புலி வாயைத் திறந்து காட்டியது. அழுதேன். பெரியண்ணசாமி கோயிலில் விழுந்து, "இந்தக் கையை விரிச்சுக் குடு சாமி, மண்ணுல கை செஞ்சு வெக்கறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

அடிவாரத்துக் குயவரிடம் போய், முஷ்டி பிடித்த கையாகச் செய்யச் சொன்னேன். என் புகழெல்லாம் அதில்தானே. அவர் மண் பிசைவதை நிறுத்தினார்.

"குத்தற கையைக் கொண்டுபோயி வெச்சா, சாமியவே சண்டைக்குக் கூப்புடற மாதிரி இருக்குமுங்க."

"எம்பட கை அதுதானுங்களே."

"நேந்துக்கிட்டது விரிக்கறதுக்குத்தானுங்க? விரிச்ச கையவே கொண்டு போங்க."

விரித்த மண்கையோடு மலையேறி, சாமி முன்னால் வைத்தேன்.

மனைவி தினமும் எண்ணெய் விட்டு நீவினாள். மிளகு காய் பிடித்தபோது சுண்டுவிரல் அசைந்தது. மார்கழிக்குள் கை முழுதும் விரிந்துவிட்டது. உடனே பந்தயம் நடத்துகிறவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் மூச்சிரைக்க மலையேறி வந்தார்.

"எங்கே புலி, குத்தற மாதிரி கையை மூடு பாக்கலாம்."

மூடினேன். விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன.

"இதை வெச்சு ஆசீர்வாதந்தான் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"சாமி கையை விரிச்சுட்டாரு புள்ள" என்றேன் மனைவியிடம்.

"ஏனுங்க, அதைத்தானுங்க நீங்க கேட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அடங்கவில்லை. அதன் பிறகும் கதவுக்குப் பின்னால் நின்று ரகசியமாகக் கையை மூடிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மிளகு பறிக்கும் காலம் வந்தது. பாதி மட்டும் மடங்கும் விரல்கள் மிளகுச் சரத்தைப் பிடிக்க வாகாக இருந்தன. உச்சிக் கொடியில் ஒரு சரத்தை எட்டிப் பிடித்தபோதுதான் கவனித்தேன்: சரம் ஒன்றாகத் தெரிந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தேன். ஒன்றேதான். தையில் பந்தய மேடை ஏறியிருந்தால் அந்த ஒன்றும் இருந்திருக்காது. ஏணியில் நின்றபடியே கும்பிட்டேன். கும்பிடுவதற்கு விரித்த கைதான் வேண்டியிருக்கிறது.

இப்போது நல்ல மிளகுக்காரன் என்கிறார்கள். புலி என்று யாரும் சொல்வதில்லை. ஆடுகள்கூட என்னைக் கண்டு ஒதுங்குவதில்லை.

நீங்களும் பயமில்லாமல் வேண்டிக்கொள்ளுங்கள். சாமி கையை விரித்துவிட்டார் என்று தோன்றினால், யாருடைய கையை விரித்தார் என்று ஒருமுறை பாருங்கள்.