சும்மா பார்க்கும் மியென் அக்கா

வறுத்த சூரியகாந்தி விதை ஒரு பிடியைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, மியென் அக்கா கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஒரு ஜோடி. ஆண் தைவான்காரர், பெண் எங்கள் வியட்நாம்காரி. கொறித்த விதையின் தோலை இருவரும் ஒரே காகிதத்தில் போடுகிறார்களா, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குகிறார்களா என்பதுதான் பரீட்சை. அவர் தன் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டாள்.

“பாத்தியா? ஒரே வீட்டுல இருந்தவங்க மாதிரியா இருக்கு?” என்றார் என்னிடம். “நான் சந்தேகப்படலைம்மா. சும்மா பாக்குறேன்.”

ஹனோயில் இருக்கும் தைவான் நாட்டு அலுவலகம் இது. நான் இங்கே தட்டச்சு செய்கிறேன். மியென் அக்கா மொழிபெயர்க்கிறார். இங்கே நடந்த கல்யாணம் தைவான் குடும்பப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால், இருவரும் எங்கள் அறைக்கு வந்து தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பதில்கள் பொருந்தாவிட்டால், இங்கே வாங்கிய கல்யாணச் சான்றிதழை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு, ஒல்லி உடம்பு. தேநீரை வீட்டிலிருந்தே குடுவையில் கொண்டுவருவார். அலுவலகத் தேநீரில் நேற்றைய இலை கிடக்கும் என்பார். சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, மீன்காரியின் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். மழை வராது என்று வானொலி சொன்ன அன்றைக்குத்தான் குடை எடுப்பார். “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டால், “எதுக்குக் கேக்குறே?” என்பார். இந்த மனுஷியோடு எப்படித்தான் ஒன்பது வருடம் ஓட்டினேனோ.

தைவானின் தைச்சுங் நகரத்தில் பதினோரு வருடம் மருமகளாக இருந்தவர். கணவர் காலமானபின் திரும்பி வந்துவிட்டார். “போன புதுசுல ரெண்டு அதிகாரிங்க வீட்டுக்கு வந்து குளியலறையில டூத் பிரஷ்ஷை எண்ணினாங்க. என் பிரஷ் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாத்தாங்க,” என்று சிரிக்காமல் சொல்வார். “அன்னிக்கு எனக்கு ஒரே ஆத்திரம். இப்ப நானா இருந்தா, அவரோட பிரஷ்ஷையும் தொட்டுப் பாத்திருப்பேன்.”

ஆனால் மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். மணப்பெண் அழுதால், “அழுகிறாள்” என்றுகூட அதிகாரியிடம் சொல்ல மாட்டார். அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, நான் எதற்கு என்பார்.

அன்றைக்குப் பெஞ்சில் இருந்தவர் பெயர் ஷீ. நாற்பத்தொரு வயது, தைவானின் சாங்ஹுவாவில் லேத் பட்டறைக்காரர். அவள் லுவா, தாய்பின் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாலு மாத வயிறு. இன்று மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பித்து முறை வருவதற்குள் பிரசவமே ஆகிவிடும். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் ஏறாது. “வயிறு யாருக்கும்தான் வரும்,” என்றார் மியென் அக்கா.

முதலில் ஷீயைக் கூப்பிட்டார்கள். அதிகாரி லியாவ் மெல்லத்தான் பேசுவார்.

“கல்யாணத்தன்னிக்குப் பொண்ணைக் கூப்பிட எப்ப போனீங்க?”

“காலையில ஒன்பது மணிக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“ஓட்டல்ல தூங்கிட்டிருந்தேன்.” குளிரூட்டிய அறையில் மனிதருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

அவரை அனுப்பிவிட்டு லுவாவிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

“என்னை ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனாருங்க. விடியக்காலையில ஒரு தடவை. ஒன்பது மணிக்கு ஒரு தடவை.”

“ஏன் ரெண்டு தடவை?”

லுவா வாயை மூடிக்கொண்டாள். மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு, லியாவ் பேனாவைத் திறந்தார். “ஒண்ணு, இவ பொய் சொல்றா. இல்லேன்னா முதல் தடவை கூட்டிட்டுப் போனது வேற ஆளு. ரெண்டுல எதுவா இருந்தாலும் மறுப்புத்தான்.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வடக்குப் பக்கத்தில், இரண்டு கல்யாணம் விதித்திருக்கிறது என்று ஜோசியர் சொன்ன பெண்ணை, அதே மாப்பிள்ளையையே இருமுறை அழைத்துப்போகச் சொல்வார்கள். விடிகாலையில் அவனோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடி வந்துவிட வேண்டும். முதல் கல்யாணம் அதோடு முறிந்ததாக அர்த்தம். பிறகு ஊரறிய இரண்டாவது. விதியை ஏமாற்றுகிற வேலை. நடிப்பு என்று வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. எல்லாம் தெரிந்தும் நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

“ஐயா, அவர்கிட்ட நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார் மியென் அக்கா. லியாவ் நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் அக்கா சொந்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஷீ திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அன்னிக்கு விடியக்காலையில அவ உங்க கையை உதறிட்டு எங்க ஓடினா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அவ சித்தப்பா என்னை எழுப்பி, கையில வெத்தலை பாக்கைக் குடுத்துக் கூட்டிட்டுப் போனார். என்னமோ சொன்னார், எனக்குப் புரியலை. அவ பின்வாசல் வழியா வந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சந்து முனை வரைக்கும் நடந்தா. அப்புறம் உதறிட்டு வீட்டுக்கே ஓடிட்டா. மனசு மாறிட்டான்னு நெனச்சேன். குளத்தங்கரையிலயே நின்னுட்டிருந்தேன். ஒன்பது மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களே தேடிட்டு வந்து கோட்டு மாட்டி விட்டாங்க.”

“ஏன் ஓடினேன்னு அவளைக் கேக்கலையா?”

“அஞ்சு மாசமாக் கேக்கலை. கேட்டா, ஆமா, புடிக்கலைன்னு சொல்லிடுவாளோன்னு பயம்.”

மியென் அக்கா வழக்கத்தை அவருக்கும் லியாவுக்கும் நாலே வரியில் விளக்கினார். ஷீ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவர் வெளியே போனபின் லியாவ் கேட்டார்: “உங்க பக்கத்துப் பொண்ணுன்னு பரிஞ்சு பேசறீங்களா?”

“அவளை எனக்கு இப்பவும் புடிக்கலை, ஐயா. அவ சொன்னதை நம்பியிருக்கவே மாட்டேன். அதுக்குத்தான் அவரைக் கேட்டேன்.”

லியாவ் சிறிது நேரம் கோப்பைப் புரட்டினார். பிறகு அனுமதி முத்திரையைக் குத்தி, கையெழுத்துக்காகத் தாளை அக்காவின் பக்கம் தள்ளினார்.

நேர்காணல் தாளின் அடியில் மொழிபெயர்ப்பாளருக்கென்று அச்சடித்த வரி ஒன்று உண்டு: ‘என் சொந்தச் சொல் எதையும் இதில் சேர்க்கவில்லை.’ மியென் அக்கா என் மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து அந்த வரியின்மேல் வைத்தார்.

“அதை அடிச்சா மேலிடத்துல கேப்பாங்க,” என்றார் லியாவ். “அடுத்த வருஷம் இந்த வேலைக்கு உங்களைக் கூப்பிடாமலே விட்டுடலாம்.”

“தெரியும், ஐயா.”

கோணாமல் ஒரே கோடாக வரியை அடித்துவிட்டு, கீழே தன் முழுப் பெயரை எழுதினார்.