மைதிலியின் பழைய கம்ப்யூட்டர்

மைதிலி எண்டர் கீயை ஒரு தட்டு தட்டினால் மஞ்சீரா ஆறு படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாரெட்பள்ளிக்கு ஓடி வந்துவிடும். அமீர்பேட் ஆபீஸுக்குப் புதிதாக வருகிற எவரிடமும் ஜூனியர் கிரி அவளை இப்படித்தான் அறிமுகப்படுத்துவான், அவள் காதில் விழும்படியாகவே. அவனுக்குப் பதினெட்டு வயது, இண்டரில், அதாவது ப்ளஸ் டூவில், இரண்டு முறை ஃபெயில். இந்த வாயை விட்டால் அவனிடம் வேறென்ன இருக்கிறது என்பது மைதிலியின் கட்சி.

உண்மையில் அவள் செய்தது ஒரு மொபைல் ஆப். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று சொல்லும். நாற்பதாயிரம் பேர் அதைப் போனில் வைத்திருந்தார்கள். மைதிலி ரயில்வே ஃபிட்டரின் மகள், தபாலில் படித்த டிகிரி, நாற்பத்தாறு வயது. ஆறு வருஷமாக எக்லிப்ஸ் என்ற பழைய மென்பொருளில் ஒட்டுப்போட்டே அதை ஓட்டினாள். அவள் மவுஸைத் தொட்டவன் அன்றைக்குப் பிழைத்ததில்லை.

2016 ஜூனில் முதலாளி கணேஷ்குமார் உத்தரவு போட்டார். ஆப் முழுவதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். மாற்றப்போவது கிரி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்றாள் மைதிலி.

"நக்கோ மேடம், வேண்டாம். நீங்க ஸ்லோ. பையன் மாத்தட்டும், அப்புறம் உங்க சீட்டைப் பத்திப் பேசலாம்."

அது என்ன பேச்சு என்று ஆபீஸுக்கே தெரியும். புதிய மென்பொருளிலிருந்து ஒரு அப்டேட் வெளியே போய்விட்டால் மைதிலி வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"மேடம், உங்க ப்ரோக்ராமை உள்ளே இழுத்தா இருநூத்திப் பன்னெண்டு எரர். ஒவ்வொண்ணுக்கும் பேர் வெக்கவா?" என்றான் கிரி.

"உங்கப்பன் பேரை வை. தள்ளி உட்காரு, வாய் நாறுது."

மூன்று நாள் இதே லட்சணம். நான்காம் நாள் எரர் எல்லாம் தீர்ந்தது. பாக்கி சாவிக் கோப்பு ஒன்றுதான். முதன்முதலில் எந்தச் சாவியால் ஆப்புக்கு முத்திரை போட்டார்களோ, அதே சாவி இல்லாமல் அப்டேட் போகாது. நாற்பதாயிரம் பேரும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

மைதிலி டீக்குப் போன நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டரைக் கிரி குடைந்தான். 'சாம்பார் பொடி' என்றொரு ஃபோல்டர். மிளகாய், தனியா அளவெல்லாம் நிஜமாகவே எழுதியிருந்தது. அதற்கடியில் சாவி. பாஸ்வேர்டும் பக்கத்திலேயே. சிரித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனான்.

"சார், சாவி எங்கேயும் இல்லை. மேடம் மனசு வெச்சாத்தான் உண்டு. அவங்களை அனுப்பினீங்கன்னா ஆப்பும் அவுட்."

கணேஷ்குமார் மேஜையை உதைத்தார். மைதிலியைக் கூப்பிட்டு, கிரி சாவி இல்லை என்கிறானே என்று கத்தினார். அவள் அசையவில்லை.

"சாவி என்கிட்டதான் இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான்தான் முத்திரை போடுவேன். இஷ்டம்னா வேலைல வெச்சுக்குங்க."

வேறு வழியில்லாமல் அவர் தலையாட்டினார்.

மைதிலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தாள்.

"டேய், இங்க வா. பதினொண்ணு பத்துக்கு என் சாம்பார் பொடியைத் திறந்தது யாரு?"

"பசிச்சுது மேடம். சமையல் குறிப்புன்னு நினைச்சேன்."

"பசிச்சவன் பாஸ்வேர்டை எதுக்குடா திறந்தே?"

மைதிலி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"கையில சாவியை வெச்சுக்கிட்டு அந்தாளுகிட்ட ஏன் இல்லேன்னே?"

எப்போதும் நக்கல் தயாராக இருக்கும் வாய். திறந்தான். ஒன்றும் வரவில்லை. காது மட்டும் சிவந்தது.