சாக்பீஸில் வந்த ஜீப்

1995 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி முடிந்துவிட்டது. அம்மா இலைகளைக் கவுளிக் கட்டுகளாக அடுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, அப்பாவிடம் பரமத்தி வேலூருக்குக் கொடுத்தனுப்பினாள். நான் சீயக்காய் போட்டுக் குளித்து, தலை காய்வதற்குள் ஏழாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தேன். மத்தியானம் கறிச்சோறு. கை கழுவியதும் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் நாமக்கல் சாலையில் இருந்த மாமாவின் பட்டறைக்குப் பஸ் ஏறினோம். சித்தப்பாவைக் கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். சித்தப்பாவுக்கு அது பிடிக்காது. பட்டறை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் போர்வெல் தோண்டும் ரிக் லாரி ஓட்டியவர். போர் போடப் போன வெளி மாநிலத்தில் ஒரு குழாய் சரிந்து விழுந்ததில் இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காமல் போயிற்று. லாரி கேபினில் இனி ஏற முடியாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம்தான் அப்பா கொல்லிமலை அடிவாரத்தில் கொஞ்சம் காடு வாங்கியிருந்தார். கல்லும் பள்ளமுமான வண்டித்தடம். புதிதாக ஒரு ஜீப் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அது வந்ததும் வாங்குவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பா சித்தப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"நீயா ஏறி உக்காந்தீன்னா வண்டி உனக்கு. இல்லீன்னா டிரைவர் ஒருத்தன வெச்சுக்கலாம்."

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், லாரிகளுக்கு பாடி கட்டுகிறவர். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் முதலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைவார்கள். அதன் பிறகுதான் மரத்தில் ரம்பம் படும். இன்னும் வெளிவராத ஜீப்பையும் அப்படி வரைந்து பார்த்துவிடலாம் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. அவரிடம் இருந்த ஆதாரம், ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்த மங்கலான படம். மலைப்பாதையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி. டயர்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"டயர் மாறாது. பழைய ஜீப்பு டயருதான் இதுக்கும்" என்றார் மாமா. பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து தரையில் கிடத்தினார். படத்தில் டயர் எவ்வளவு, வண்டி எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல்வது என் வேலை. நான் சொல்லச் சொல்ல, அந்த டயரிலிருந்து வண்டி வளர ஆரம்பித்தது.

விடுமுறை நாளானாலும் பட்டறையில் கூட்டம். சவ்வரிசி மூட்டை ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நேரிலேயே பார்த்ததாகச் சொன்னார்.

"தொப்பூர் மேட்டுல பாத்தனுங்க. எங்க வண்டி பம்பருக்குச் சரியா அதோட பானட்டு இருந்துச்சு."

"உன்ற வண்டி லோடா, காலியா?" என்று கேட்டார் மாமா.

"லோடுதானுங்க."

"அப்ப நாலு விரக்கடை எறக்கிக்கோணும்."

இறக்கினார்கள். முன்விளக்கு வந்தபோது சண்டை மூண்டது. இனிமேல் எல்லாம் சதுரம்தான் என்றார் டிரைவர். பட்டறை பெயிண்டர் ஒரே பிடியாக நின்றார்.

"வட்டமா இல்லீன்னா அது ஜீப்பே இல்லீங்க. கண்ணு சதுரமா இருக்கற மனுசன எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?"

"உன்ற கண்ணு பொழுது சாஞ்சா என்ன வடிவத்துல இருக்கும்னு பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும், போய்யா" என்று மடக்கினார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி நின்றபடி, "மச்சான், ஏறுற தளம் எங்க வருது?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"வரும் மாப்ள. எல்லாந்தான் வரோணும்."

படத்தில் கதவுக்கு அடியில் தார்ப்பாய் மடிந்த இடத்தை நான் அளந்தேன். டயரின் தலைக்கு நான்கு விரல்கடை கீழே. மாமா கோடு போட்டு, டேப்பைப் பிடித்தார். தரையிலிருந்து இரண்டடி. சித்தப்பாவின் கால் ஒன்றரை அடிக்கு மேல் எழாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அந்த நேரத்தில் அது கூடப் பெரிதாகப் படவில்லை. விளக்கு ஒன்று தவிரப் படம் முடிந்திருந்தது. மர ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்தேன். பட்டறைத் தரையில் ஒரு ஜீப் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. உலகத்தில் யார் வீட்டிலும் இல்லாத வண்டி. என் ஸ்கேலிலிருந்து புறப்பட்டு வந்த வண்டி. மேற்குக் கதவு வழியாக வந்த வெயில் அதன் கோடுகளின் மேல் விழுந்து, சாக்பீஸ் தூள் மினுங்கியது. மூச்சை இழுத்து விட்டால் அழிந்துவிடும் போல இருந்தது. இறங்கியபோது செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போனேன். இப்போது என் மகன் கைபேசியில் மூடி மறைத்து ஓட்டும் புது வண்டிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கதவு மூன்றா ஐந்தா என்று முகம் தெரியாதவர்களோடு வாதாடும்போது, அவனைச் சாப்பிட வா என்று அதட்ட எனக்கு வாய் வருவதில்லை.

"படம் பாத்தா ஆச்சா? ஏறிப் பாக்கோணும்" என்றார் மாமா திடீரென்று.

இரும்புத் தாங்கிகள் வந்தன. அவற்றின் மேல் பலகை. பலகையின் மேல் பழைய லாரி சீட்டு. முன்னால் ஒரு ஸ்டியரிங்கைக் கட்டினார்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம். மாமாவே குனிந்து தாங்கிகளை ஏற்றி இறக்கி நிறுத்தினார். பழக்கத்தில் நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பலகை ஒன்றரை அடியில் இருந்தது.

"மாமா, அரை அடி கொறையுதுங்க."

அவர் என் கையில் ஒரு சாக்பீஸைத் திணித்தார். "அம்முணி, நீ போயி அந்த லைட்ட வட்டமா வரைஞ்சு முடி. பெயிண்டர் அழுதுருவான்" என்றார் மெதுவாக.

ஒருவேளை பலகையின் கனத்தைக் கழித்திருப்பார், பாடி கட்டுகிறவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா கைத்தடியை அப்பாவிடம் கொடுத்தார். சட்டத்தைப் பிடித்தார். இடது காலை மெல்லத் தூக்கிப் பலகையில் வைத்தார். ஒரு எம்பு. அடுத்த கணம் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கூரைத் தகரம் அதிரக் கைதட்டல்.

"ஹாரன் அடிங்கண்ணா, கெளம்பலாம்!" என்று கத்தினார் டிரைவர்.

சித்தப்பா வாயாலேயே லாரி ஹாரன் அடித்தார். அப்பா துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "அப்பறம் என்ன, வண்டி உனக்குத்தான்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர்கள் ஒரு பலகையைச் சுற்றி நின்று அத்தனை சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புறப்படும்போது சித்தப்பா மட்டும் சாக்பீஸ் படத்தின் அருகே நின்றார். கைத்தடியைத் தரைக்கோட்டிலிருந்து தளக்கோடு வரை படுக்கவைத்து, கோடு தொட்ட இடத்தில் தடியின் மேல் கட்டைவிரலை வைத்தார். அங்கே நகத்தால் கீறியது போலத் தெரிந்தது. படத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

ஜீப் அடுத்த வருடம் வந்தது. விளக்கு வட்டம். பெயிண்டர் ஒரு மாதத்துக்கு யார் பேச்சையும் கேட்கவில்லை. நீளத்தில் நாங்கள் ஒரு சாண் அதிகம் போட்டிருந்தோம். தளம் இரண்டடிக்கு ஒரு விரல் குறைவு, அவ்வளவே. சித்தப்பா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, எங்களை அடிவாரக் காட்டுக்கு ஓட்டிப் போனார். மாமாதான் ஏற மறந்து வாசலிலேயே நின்றார்.

பட்டறைக்குப் போன அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, ஆட்கள் இலை கிள்ள வருவதற்கு முன், மோட்டார் ரூமுக்குப் பின்னால் கல் உரசும் சத்தம் கேட்டுப் போனேன். சித்தப்பா செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடியை நிறுத்தி, கீறல் இருந்த உயரத்தைப் பார்த்து, மேலே இன்னொரு வரிசை வைத்தார்.

"என்னங்க சித்தப்பா கட்டறீங்க?"

"ஒண்ணும் கட்டல சாமி. உன்ற ஸ்கேல எடுத்துட்டு வா. மாமாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத, பாவம்."

மாமா எதற்குப் பாவம் என்று எனக்குப் புரியவில்லை. நேற்றே ஏறிவிட்டவர் இன்று யாரும் பார்க்காத இடத்தில் ஏன் மறுபடி ஏற வேண்டும் என்பதும் புரியவில்லை. ஓடிப்போய் ஸ்கேலை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டடி. அவர் மோட்டார் ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார். எட்டவில்லை. காலைக் கீழே வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் தூக்கினார்.