ஞானராஜின் நூற்றியொன்று

திண்டிவனத்தில் ஞானராஜைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் கேட்கும் கேள்வியைத் தெரியாதவர்கள் குறைவு. டிவியைத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி, பொருளைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நீ ஏதாச்சும் தொட்டியா?" என்பார். தொட்டேன் என்றால் திட்டு. தொடவில்லை என்றால் அதைவிடப் பெரிய திட்டு.

"தொடாமயே கெட்டுப்போறதுக்கு அது இன்னா பாலா?"

இருபத்தைந்து வருடத் தொழிலில் அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்ட ஆள் ஒருவர்தான். அது அவரேதான்.

1993இல் விழுப்புரத்தில் ஆறு மாதம் டிவி மெக்கானிசம் படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டார். முதல் ஆன்டெனா வேலை சீனுவாசன் வீட்டில். பிரம்மதேசத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கினால் மேட்டில் தெரியும் மாடி வீடு. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. மெக்கானிக் மாடி ஏறுவதும் வீட்டுக்காரர் கீழே நின்று படம் பார்ப்பதும்தான் உலக வழக்கம். ஆனால் ஞானராஜுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதைச் சொன்னால் தொழில் என்னாவது? "மேல போய் பைப்ப திருப்புறது யாரு வேணா செய்யலாம். படம் சரியா வருதான்னு பாக்கத்தான் படிச்சவன் வேணும்" என்று விளக்கி, வீட்டுக்காரரை ஏற்றிவிட்டார்.

"வந்துச்சாங்க?" என்று மேலிருந்து சீனுவாசன் கேட்டார்.

"வரலீங்க! கொஞ்சம் கெழக்கால திருப்புங்க!"

"இப்ப?"

"வந்துச்சி வந்துச்சி... போயிடுச்சி!"

முதல் ஒரு மணி நேரம் 'ங்க' தாங்கியது. இரண்டாவது மணி நேரத்தில் வெயிலும் புள்ளி புள்ளியான திரையுமாகச் சேர்ந்து அதை உதிர்த்துவிட்டன.

"யோவ், வந்துச்சாய்யா?"

"வரலய்யா, திருப்புய்யா!"

படம் வந்தபோது ஒருவருக்கொருவர் 'யோவ்' ஆகியிருந்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த 'யோவ்' கீழே இறங்கவேயில்லை. ஈஸ்டருக்கு பிரியாணி அங்கே போகும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வந்தால் பொரியும் எலுமிச்சம்பழமும் இங்கே வரும். ஞானராஜின் மனைவி அந்தோணிமேரி அந்த எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டு, ஒரு பாட்டிலை அங்கேயே திருப்பி அனுப்புவாள்.

2012இல் புதுச்சேரியிலிருந்து தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். ஜோல்னாப் பை, தாடி, நிறைய நல்லெண்ணம். பத்துக் கூரைகளில் பத்து டப்பாக்கள் வைப்போம், ஒரு டப்பா அடுத்த டப்பாவிடம் சொல்லும், அது அதற்கடுத்ததிடம் சொல்லும், திண்டிவனத்தில் ஞானராஜ் கடையில் இருக்கும் இன்டர்நெட் இப்படியே கூரை கூரையாகத் தாவி ஆறு கிராமத்துக்குப் போய்விடும் என்றார்கள். வதந்தி பரவுகிற அதே முறைதான் என்பதால் ஊருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வலைக்கு நடு முடிச்சு எந்தக் கூரை? மேட்டில் இருக்கும் சீனுவாசன் வீட்டு மாடி. அது எரிந்தால் ஆறு ஊருக்கும் எரியும்; அணைந்தால் அணையும்.

டப்பாக்கள் எல்லாம் ரவுட்டர்கள். அவற்றுக்குள் ஃபர்ம்வேர் என்கிற மூளையை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் போஸ்ட்மேன் என்ன பாடுபடுவார்? அந்தப் பாடு வரக் கூடாது என்பதற்காகத் தன்னார்வலர்கள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். பத்து, இருபது, முப்பது என்று போய் சீனுவாசன் வீட்டில் நூறு என்று முடிந்தது. பட்டியலுக்கும் வலைக்கும் பொறுப்பாளர் ஞானராஜ்.

சீனுவாசன் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா எனக்கு மட்டும் ரெண்டு முட்டை?"

"நூறுய்யா அது. எல்லார விடவும் பெருசு."

"மொய் வெக்கறவன்கூட நூறா வெக்க மாட்டான்யா. நல்ல காரியம் முட்டையில முடியலாமா? ஒண்ணு சேத்துப் போடு."

ஞானராஜ் ஜெபமாலைக்காரர், ராசி, சகுனம் எதையும் நம்பாதவர். ஆனால் தன் தங்கை கல்யாணத்தில் ஐந்நூற்றோடு நிறுத்திய ஒரு உறவினரை இன்றுவரை மன்னிக்காதவர். சிரித்துக்கொண்டே நூற்றியொன்று என்று தட்டினார். டப்பாவின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 101 என்று எழுதினார். பட்டியலில் மாற்றி எழுதவில்லை. பட்டியல் பையில் இருந்தது. பசி வயிற்றில் இருந்தது. சீனுவாசன் மனைவி அஞ்சம்மாள் மீன் குழம்பை இறக்கிவிட்டாள்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. சீனுவாசன் மகன் தேவா மனைவியோடு சிங்கப்பூரில் இருந்தான். ஞாயிறு சாயங்காலமானால் சீனுவாசனும் அஞ்சம்மாளும் கம்ப்யூட்டர் முன்னால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். பேத்தி பிறந்தாள். அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்தார்கள். குப்புற விழுந்ததைப் பார்த்தார்கள். அஞ்சம்மாள் திரைக்கு நெட்டி முறித்தாள்.

2014 ஆகஸ்டில் மாதா திருவிழாவை ஒட்டி, திண்டிவனத்தில் கோயில் ஹாலுக்கும் ஒரு டப்பா வேண்டும் என்று பங்குத் தந்தை கேட்டார். ஞானராஜ் பட்டியலை எடுத்தார். அதில் இல்லாத எண்ணாக ஒன்று வேண்டும். நூறோடு முடிகிறது. மாதா கோயில், நல்ல காரியம். கை தானாகவே நூற்றியொன்று என்று தட்டிவிட்டது. நூற்றியிரண்டும் அங்கேதான் இருந்தது. அதை யார் சீண்டுவார்?

அன்று முதல் பேஜாரு. கோயில் ஹாலில் வந்தால் கிராமத்தில் வராது. கிராமத்தில் வந்தால் ஹாலில் வராது. சில நேரம் இரண்டிலும் அரைகுறையாக வந்து முகங்கள் திரையில் உறைந்து நிற்கும். ஞானராஜ் ஒயரை மாற்றினார். அடாப்டரை மாற்றினார். சேனலை மாற்றினார். சீனுவாசனை மாடி ஏற்றிக் காக்கைக்கூட்டைக் கலைக்கச் சொன்னார். காக்கை சீனுவாசன் தலையில் கொத்தியது. கடைசியில், மூளையிலேயே கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு டப்பாவுக்கும் புது ஃபர்ம்வேர் ஏற்றினார். ஏற்றும்போது திரையில் ஒரு கட்டம் கேட்டது: பழைய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளவா? பொறுப்பானவர் அல்லவா, டிக் போட்டார். பழைய தப்பைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு புது மூளை உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த டிக்கை எடுத்துவிட்டு, பட்டியலைப் பார்த்து எண்ணை மறுபடி தட்டியிருந்தால் நூறு என்று விழுந்திருக்கும். இந்தக் கதை அதோடு முடிந்திருக்கும்.

அப்புறம் அந்தச் சோதனையைச் செய்தார். சீனுவாசனுக்கு போன் போட்டு, டப்பாவை அணைக்கச் சொன்னார். அணைத்த மறுநொடி கோயில் ஹாலில் எல்லாம் ஜோராக ஓடியது. போடச் சொன்னார், நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் ஆறு கிராமத்து ஆட்களும் ஹாலில் கூடினார்கள். ஞானராஜ் கண்ணாடியை இறக்கினார்.

"சீனு, நீ ஏதாச்சும் தொட்டியா?"

"நான் எதுக்குய்யா தொடப்போறேன்?"

"உன்னுத நிறுத்தினா இங்க ஓடுது. போட்டா படுத்துக்குது. உள்ள நோண்டியிருக்க."

"யோவ், காக்கா கூட்டத் தவிர நான் எதையும் தொடல."

சுற்றி இருபது பேர். துரைக்கண்ணு என்று ஒருவர், பிரம்மதேசத்துக்காரர், சும்மா இருக்காமல், "மெக்கானிக்குக்கே புடிபடலியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஞானராஜின் வாயைத் திறந்தது.

"மல்லாட்டை புடுங்குற கைய வெச்சிக்கினு மெஷினுக்குள்ள விட்டா இப்படித்தான் ஆவும்."

சீனுவாசன் தன் கைகளைப் பார்த்தார். இருபத்தோரு வருடமாக, தலை சுற்றுகிற ஒரு மெக்கானிக்குக்காக மாடி ஏறிப் பைப்பைத் திருப்பிய கைகள். எழுந்து போய் பஸ் ஏறினார். மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். டப்பாவைத் துடைத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேஜை மேல் வைத்து, துண்டை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு கிராமமும் அணைந்தது. வேறு மேட்டு வீடு கிடையாது. புதுச்சேரிக்காரர்களின் நல்லெண்ணம் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தது.

டிசம்பரில் ஒரு லாட்ஜுக்காரர் ரவுட்டர் கேட்டார். ஞானராஜ் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மின்சாரம் கொடுத்தார். ஐந்தே நிமிடத்தில் கோயிலிலிருந்து போன்: "ஹால்ல நெட் போயிடுச்சிங்க." அணைத்தார். "வந்திடுச்சிங்க." போட்டார். "போயிடுச்சிங்க." திருப்பிப் பார்த்தார். அடியில் ஸ்டிக்கர். ஸ்கெட்ச் பேனா. அவருடைய கையெழுத்து.

அன்றே நான்கு மணி பஸ் பிடித்திருக்கலாம். அந்தோணிமேரியும் அதைத்தான் சொன்னாள்.

"ஜல்தியா போய் சொல்லிட்டு வாங்க. இன்னா, அடிக்கவா போறாரு?"

"அறுவடை நேரம்டி. இப்ப போய்..."

அறுவடை முடிந்தது. பொங்கலுக்கு நேரில் போகக் கூச்சம். தவக்காலத்தில் நோன்பு. பங்குனியில் வெயில். ஈஸ்டருக்கு முன் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் தன் தப்பைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை ஃபாதர் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் சொன்னவர் சொல்லலாம் அல்லவா, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே ஒப்பித்தார்.

"அவர்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களான்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அவரு நம்ம சபை இல்லீங்களே ஃபாதர்னேன்."

அந்தோணிமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "திட்டுறப்ப எந்த சபைன்னு பாத்தீங்களா?"

பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தார் ஃபாதர். சொன்னார். கணக்கு முடிந்த மாதிரிதான் இருந்தது. முடியவில்லை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சீனுவாசன் பேத்தியைப் பார்க்க உட்காரும் நேரத்தில் தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் தெரிந்தது. ஈஸ்டர் பிரியாணி அந்த வருடம் எங்கும் போகவில்லை. எலுமிச்சம்பழத்தைச் சந்தையில் வாங்கினார்கள்.

2016க்குப் பிறகு எல்லார் கையிலும் இன்டர்நெட் வந்துவிட்டது. கூரைகளில் இருந்த டப்பாக்களில் குருவிகள் குடியேறின. இனிமேல் இந்தத் தப்பைச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை, தனக்கும் வெட்கம் குறைவு என்ற நிலைமை வந்தபிறகு, 2017 மாசியில், ஞானராஜ் கிளம்பினார். மஞ்சள் பையில் அந்த டப்பா. உள்ளே எண்ணை மாற்றியிருந்தார். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி, புதிதாக 102 என்று எழுதியிருந்தார்.

அஞ்சம்மாள் வாசலில் நின்றிருந்தாள். "மாடியில மல்லாட்டை காயவெச்சிக்கினு இருக்காரு. போங்க" என்றாள்.

மாடிக்குக் கைப்பிடி கிடையாது. இத்தனை வருடத்தில் ஞானராஜ் அந்தப் படிகளில் ஏறியதேயில்லை. சுவரைத் தடவிக்கொண்டு, படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார். மேலே பழைய ஆன்டெனா பைப்பில் கொடி கட்டிப் புடவை காய்ந்தது. சீனுவாசன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. பாத்து ஏறுங்க, தலை சுத்தும் உங்களுக்கு."

இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது.

ஞானராஜ் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து டப்பாவை எடுத்தார். கோயில் ஹாலுக்கும் நூற்றியொன்று போட்டதை, பட்டியலில் எழுதாததை, டிசம்பரில் ஸ்டிக்கரைப் பார்த்ததை எல்லாம் சொன்னார். "தப்பு என்னுதுதான்யா. நீ தொடவே இல்ல" என்றார்.

சீனுவாசன் ஒரு கை மல்லாட்டையை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். காய்ந்துவிட்டது.

"நூத்தியொண்ணுதான? நாந்தான கேட்டு வாங்கினேன். ரெண்டு வருசம் என் தலை மேலதான இருந்துச்சி. அன்னிக்கு ஹால்ல நம்பர் இன்னான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கையை உதறினார். "நீங்க தொட்டியான்னுதான கேட்டீங்க?"

ஞானராஜ் டப்பாவைப் படியில் வைத்தார்.

"பேத்தி எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"போன வருசம்தான் கூட்டியாந்தாங்க. ஓடுறா. தவழ்ந்தத நாங்க பாக்கல." குரலில் கோபம் ஏதும் இல்லை. மழை அளவு சொல்கிற மாதிரி சொன்னார். "டீ குடிச்சிட்டுப் போங்க."

"இத வெச்சிக்கோய்யா. நூத்திரெண்டு போட்டிருக்கேன்."

"எதுக்குங்க இப்ப? போன்லயே எல்லாம் வந்துடுது."

டீ வந்தது. குடித்தார். இறங்கும்போது சீனுவாசன் முன்னால் இறங்கி, அவர் தடுமாறாமல் இருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டார். "பாத்துப் போங்க" என்றார்.

கடைக்கு வந்தவரிடம் அந்தோணிமேரி கேட்டாள். "இன்னா ஆச்சி? திட்டினாரா?"

ஞானராஜ் மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தார்.

"இல்லடி. ரொம்ப மரியாதையா பேசினான்."