டிராக்டருக்குப் பொலிஷ் போட்டேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிராக்டரை நான் பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். அதில் பதினைந்து வருடம் அது என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சேறு காய்ந்தால் ஒரு நிறம், மழை பெய்தால் இன்னொரு நிறம். உர மூட்டை ஏற்றி ஏற்றி சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்காட் இரண்டும் ஓரத்தில் அரித்துப்போய், கை வைத்தால் துருவாக உதிரும். போன வருடம் தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, முதல் வேலையாகப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அட்டன் டவுனில் ஒரு பட்டறையில் இரண்டு வாரம் கிடந்தது. திரும்ப எடுக்கப் போன அன்று, வாசலில் நின்ற சிவப்பு டிராக்டரைத் தாண்டி உள்ளே போய் எங்கள் வண்டியைத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்த மேஸ்திரியைப் பாஸ் என்பார்கள், ஒரு சிங்களவர். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கு எதுவும் பூசக் கூடாது. கழுவினால் வெறும் தண்ணீர் போதும், அதுவும் நிழலில். உரம் பட்டால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். மாதம் முடிந்த பிறகு ஈரமில்லாத நாளாகப் பார்த்து மெழுகுப் பொலிஷை மெல்லிசாகத் தடவித் துடைக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்றேன். காதில் ஒன்றும் ஏறவில்லை. கண் முழுக்க எஞ்சின் மூடியில் இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் முகம் பரவாயில்லை என்று பட்டது.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்தது பைத்தியம். காலையில் ஒரு தடவை கழுவுவேன், மாலையில் ஒரு தடவை கழுவுவேன். பாத்திரம் கழுவுகிற சோப்பைக் குசினியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மூன்றாம் நாளே வாசலில் மறித்துக்கொண்டாள்.

"ஏங்க, கல்யாணம் கட்டி இருவத்திரண்டு வருசத்துல இந்த வீட்டுல ஒரு பிளேட்டு கழுவியிருக்கீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"இது தோட்டத்து சொத்து."

அவள் சோப்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிறுவை நடக்கும் இடத்திலும் என் அட்டகாசம் தாங்கவில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் களைப்பில் டிராக்டரில் சாய்ந்து நிற்பது வழக்கம். கூடைக் கயிறு உரசிவிடும் என்று நான் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். காலை ஏழு மணியிலிருந்து மலையில் ஏறி இறங்கியவர்களைப் பார்த்து, ஒரு இரும்பைத் தொடாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஒருத்தி மட்டும், "சரிங்கண்ணே, வயசுக்கு வந்த புள்ளைய பாத்துக்கிற மாதிரி பாத்துக்கங்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் அட்டன் போய் ஒரு டப்பா கார் பொலிஷ் வாங்கி வந்தேன். மாதம் முடியட்டும் என்று பாஸ் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வராத மாதிரி இருந்துகொண்டேன். அன்று காலையில் இருந்தே பனி இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் எங்கள் வீடுகள் இருக்கும் லயம் தெரியவில்லை. அந்த ஈரத்தில் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, அரை டப்பாவை எஞ்சின் மூடியிலும் மட்காட்டிலும் அப்பினேன். மெல்லிசாகத் தடவுகிறவன் கஞ்சன் என்று எனக்கு எண்ணம். காய்ந்தால் துடைக்கலாம் என்று பார்த்தால் காயவே இல்லை. துடைக்கத் துடைக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. அப்படியே நிறுவைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணே, வண்டிக்கு விபூதி பூசியாச்சு. சந்தனம் எப்ப?" என்று முன்வரிசையில் நின்றவள் கேட்டாள். கணக்கப்பிள்ளை சிரித்த சிரிப்பில் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே போட்டார்.

அந்த வெள்ளையை எப்படிப் போக்குவது என்று தெரிந்தவரைக் கேட்டிருக்கலாம். பாஸின் போன் நம்பர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் எந்த ஊரிலோ பழைய வண்டியைத் துணியில் டீசல் நனைத்துத் துடைக்கிறார், அது கண்ணாடி போல மின்னுகிறது. இதுதான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலையில் ஒரு போத்தல் டீசலும் இடுப்பில் கட்டுகிற ஒரு பழைய சாரமும் எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கத் துடைத்தேன். மின்னியது. மின்னிய சந்தோஷத்தில் பின்னால் கொழுந்து ஏற்றும் பெட்டியையும் விடவில்லை. கொழுந்துச் சாறு பட்டுப் பட்டு அந்தப் புதுப் பெயின்ட் கறுத்துவிடக் கூடாதே என்று, பெட்டியின் உள்பக்கப் பலகைகளுக்கும் தாராளமாகப் பூசினேன். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது எங்கள் தோட்டத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலை மட்டும் தெரியவில்லை.

முப்பத்தெட்டுப் பை கொழுந்தோடு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா வெளியே நின்றிருந்தார். வண்டியின் அழகைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். அவர் டிராக்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போய் ஒரு பையைப் பிரித்து, கைப்பிடிக் கொழுந்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னப்பா இது?"

"கொழுந்துங்க ஐயா."

"கொழுந்துன்னு எனக்கும் தெரியும். ஏன் பெற்றோல் ஷெட் மாதிரி மணக்குது?"

நான் சொன்னேன். மெழுகில் தொடங்கி வீடியோ வரைக்கும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஒரு பை கெட்டது உள்ளே போனாலும் அன்றைய மொத்தத் தேயிலையும் கெட்டுவிடும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு, "ஒவ்வொரு பையா நீயே மோந்து பாத்துப் பிரிச்சு வை. நான் கடைசியில பாக்குறேன்" என்றார்.

மோந்து பார்த்தேன். முதல் பை, கொழுந்து வாசம். இரண்டாவது பை, கொழுந்து வாசம். பன்னிரண்டு பை வரைக்கும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடம் டீசல் புகைக்குள் உட்கார்ந்திருந்த என் மூக்குக்கு டீசல் என்றால் காற்று மாதிரி. எதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஐயாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவருக்கோ உள்ளே மெஷின் வேலை. "வேற யாருப்பா இருக்கா?" என்றார்.

தொழிற்சாலைக்கு மேலே இருந்த மலையில்தான் அன்றைக்கு என் மனைவியின் கூட்டம் பறித்துக்கொண்டிருந்தது. ஐயா கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் அவள் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு இறங்கி வந்தாள். ஐயா விஷயத்தைச் சொல்லி, "ஒனக்குக் கண்டுபுடிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"இவரு சட்டைய இருவத்திரண்டு வருசமா தொவைக்கிறேங்க ஐயா" என்றாள். "டீசல் வாசம் எனக்குத் தெரியாமப் போகுமா?"

வரிசையாக நடந்தாள். குனிந்து ஒரு நொடி, "இது நல்லது." இன்னொன்று, "இது வேணாம்." பலகையை ஒட்டிக் கிடந்த ஏழு பைகள் கெட்டிருந்தன. மீதி முப்பத்தொன்றும் தப்பின. ஐயா கடைசியில் தானும் ஒரு சுற்று மோந்து பார்த்தார். ஒரு பையைக்கூட அவரால் மாற்றி வைக்க முடியவில்லை. "நீ இங்கேயே வேலைக்கு வந்துரலாம்மா" என்றார். அவள் என் பக்கம் திரும்பாமலே மலை ஏறிப் போனாள்.

ஏழு பையையும் நானே தோளில் சுமந்து எருக் குழியில் கொட்டினேன். எடை ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் பறித்தவர்களுக்குக் கூலியில் எதுவும் குறையாது. ஆனாலும் குழியில் கொட்டும்போது பார்த்தேன், எல்லாம் அப்படியொரு இளங்கொழுந்து. மழையில் நனைந்துகொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க, ரெண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளியது. அன்று பின்நேர நிறுவையில் நான் யார் கேட்பதற்கும் முன்னால் எழுந்து, ஏழு பை என்னால்தான் வீணாகிவிட்டது என்று சொன்னேன். பிறகு அந்த விபூதிக்காரி, "இப்ப வண்டியில சாயலாமா அண்ணே?" என்று கேட்டாள். சாயுங்கள் என்றேன். ஐந்தாறு பேர் வந்து, வேண்டுமென்றே முதுகை நன்றாக அழுத்திச் சாய்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுடுதண்ணீர் சுமந்து பெட்டியைத் தேய்த்தேன். என் மனைவி வந்து மோந்து, "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள், நான் மறுபடி தேய்ப்பேன். நான்காம் தடவைதான் விட்டாள். பிறகு வெட்கத்தை விட்டுப் பாஸுக்குப் போன் போட்டேன். அவர் முன்பு சொன்ன அதே விஷயங்களை, அதே பொறுமையோடு மறுபடியும் சொன்னார். இந்த முறை எழுதிக்கொண்டேன். மாதம் முடிந்து ஒரு வெயில் நாளில், ஷெட்டுக்குள் நிறுத்தி, மெல்லிசாகத் தடவி, உடனே துடைத்தேன். மழைத்தண்ணீர் அதில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். போன மாதம் உர மூட்டை இறக்கும்போது இடது மட்காட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. பெயின்ட் வாங்க அட்டன் போகச் சோம்பல் பட்டு, மகளின் நகப் பூச்சை எடுத்துக் கீறலை மூடினேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது செவப்பு இல்ல, ரோஸு" என்றாள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் தெரிகிறது.