வெளியே தெரிந்த இலை

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் நகரின் பழைய தாவரவியல் பூங்காவில் ஒரு கொடியைக் கிள்ளிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

வாசலில் எனக்கு முன்னால், அங்கே சருகு கூட்டும் அம்மா நின்றார். நரைத்த கொண்டையில் சருகுத் தூள் ஒட்டியிருந்தது. செக்யூரிட்டி கேட்கும் முன்பே பையைத் திறந்து, டிபன் பாக்ஸ் மூடியையும் கழற்றிக் காட்டினார். தினமும் காட்டிப் பழகிய கை.

என்னிடம் செக்யூரிட்டி, "நீங்க போங்க மேடம்" என்றார்.

மயிலாப்பூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"எல வெளிய தெரியுதும்மா. உள்ள தள்ளிக்கோ."

குரலில் கோபமோ கேலியோ இல்லை. அப்படியானால் செக்யூரிட்டியும் அந்த இலையைப் பார்த்திருப்பார்.

கொடி இப்போது ஜன்னல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. எங்கே வாங்கினாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.